இரண்டு புள்ளிகள்

"கிளம்பிட்டான்" என்றாள் தையல்காரம்மா, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கோர்ட் வாசலைத் தாண்டிட்டான்."

அவள் கணவர் வாசற்கதவின் முன்னால் மண்டியிட்டுப் பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பூட்டும் சாவியும்தான் காலமெல்லாம் அவருக்குப் பிழைப்பு. ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் மாற்றியவர், சொந்த வீட்டுக்கு மாற்றுவது இதுதான் முதல் தடவை. திருப்புளி கை நழுவி நழுவி விழுந்தது.

"இங்கதான் வருவான்னு உனக்கு யாரு சொன்னா? ஊர்ல தெருவா இல்ல?"

"வருவான் பாருங்க. அவனுக்கு எதிரா கூண்டுல ஏறிச் சாட்சி சொன்னவ நான். ஜெயிச்சுட்டான்ல, முகத்துக்கு நேரா வந்து நிக்காம இருப்பானா?"

திரையில் ஒரு நீலப் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. 'துணை' என்கிற செயலியைச் செய்தவனின் புள்ளி. வெளியே போன வீட்டு மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டுகிற சமாச்சாரம் அது. மகள்தான் ஆசையாக அம்மாவின் ஃபோனிலும் போட்டுக் கொடுத்திருந்தாள். வெள்ளோட்டம் விட்டபோது அவன் போட்ட தன் எண் அதில் அப்படியே இருந்தது. எடுக்க மறந்துவிட்டான், மகா புத்திசாலி.

முதலில் அதில் ஒரு மணி இருந்தது. யாராவது உங்கள் புள்ளியைப் பார்த்தால் உங்கள் ஃபோன் மணியடித்துச் சொல்லிவிடும். பொண்டாட்டிக்குத் தெரிந்துபோகிறதே என்று புருஷன்மார்கள் குறைப்பட்டார்கள். அவன் மணியை எடுத்துவிட்டான்.

அடி தாங்காமல் புருஷனை விட்டு ஓடி, யாருக்கும் தெரியாத ஓர் அறையில் ஒளிந்திருந்தாள் இவர்கள் மகள். புருஷன் அவள் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நேராக அந்த அறைக்கு வந்து சேர்ந்தான். மணி அடிக்கவே இல்லை.

கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. செயலியைச் செய்தவனுக்கு இன்றைக்கு விடுதலை.

"கோர்ட் சொன்னதுலயும் நியாயம் இருக்கு" என்றார் அவர், புதுப் பூட்டைத் துளையில் பொருத்தியபடி. "சாவி போட்டுக் கொடுத்தவனை எவன் உள்ள தள்ளுறான்? திருடினவனைத்தானே பிடிக்கிறாங்க."

"அடுத்தவன் சாவியைச் சோப்புக்கட்டியில அச்சு எடுத்துட்டு வந்து நீட்டினா, நீங்க சாவி போட்டுக் கொடுப்பீங்களா?"

அவர் திருகாணியை முடுக்கினார்.

"சொல்லுங்களேன். யாரு வீடு, பூட்டை எடுத்துட்டு வான்னு கேட்டு எத்தனை பேரை விரட்டியிருக்கீங்க. அந்த ஒரு கேள்வியை அவனும் கேட்டிருக்கலாம்ல?"

"வேணும்னேவா செஞ்சான்? அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே."

"பெத்தவ தலையில இடி விழட்டும்."

"அப்படியெல்லாம் பேசாதே" என்று பதறிப்போனார் அவர். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "எல்லாத்தையும் விட்டுட்டு ஓடின பாப்பா, அந்தத் 'துணை'யை மட்டும் ஏன் ஃபோன்ல விடாம வச்சிருந்தா?" என்றார்.

"நம்பினா. வேறென்ன?"

சட்டென்று அவள் கைப்பேசியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள்.

மகளுக்கும் ஒரு புள்ளி உண்டு. வழக்குப் பொருளாக அவள் ஃபோனைப் பிடித்து வைத்த நாளிலிருந்து, நீதிமன்றத்துச் சாமான் அறையில் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது அது. தையல்காரம்மா தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

இப்போது அது பச்சையாக இருந்தது.

"என்னங்க... பாப்பா நகருறா."

"உளறாதே. பழைய நினைப்பு உனக்கு."

"நீங்களே பாருங்க."

அவர் எழுந்து வந்து பார்த்தார். மேம்பாலத்தின் மேல் நீலமும் பச்சையும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. மருந்துக்கடை முனையில் இரண்டும் சேர்ந்தே திரும்பின. அவருடைய கை அவள் தோளைப் பற்றிக்கொண்டது.

"அவகூடவே வர்றான்" என்றாள் மெதுவாக. "பூட்டை முடிங்க. சீக்கிரம்."

அவர் ஓடிப்போய்க் கடைசித் திருகாணியை இறுக்கினார். உள்ளே இருப்பவர்களும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டிய பூட்டு. பூட்டிவிட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தார். கொடுக்க மனசே இல்லை அவருக்கு.

"அவன் சாப்பிட்டானோ என்னவோ" என்றார் திடீரென்று.

"அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு?"

கீழே கார் வந்து நின்றது. லிஃப்ட் ஏறுகிற சத்தம். நடைபாதையில் செருப்புச் சத்தம் நிதானமாக, எந்த வீடு என்று தேடாமல், நேராக வந்து கதவருகே நின்றது. கதவிடுக்கில் நிழல் விழுந்தது.

தையல்காரம்மாவின் உள்ளங்கையில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் எழுத்து மின்னியது: 'பாப்பா வீடு வந்து சேர்ந்தார்.'

வெளியே யாரோ புதுப் பூட்டுக்குள் ஒரு சாவியை நுழைத்தார்கள். அது திரும்பவில்லை. உருவிவிட்டு மறுபடியும் நுழைத்தார்கள். பூட்டுக்காரர் சுவரில் சாய்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அம்மா, சாவி திரும்ப மாட்டேங்குது, கதவைத் திறம்மா" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். "கேஸ் முடிஞ்சுதுன்னு அக்காவோட ஃபோனை என்கிட்டயே கொடுத்துட்டாங்க."

தையல்காரம்மா புதுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விளக்கை அணைத்தாள்.