மூத்ததுக்கு ஜன்னல் சீட்டு

"மெதுவாப் பேசுக்கா. ரயில்னு காதுல விழுந்துச்சுன்னா இன்னைக்கே செருப்பை மாட்டிக்கிட்டு வந்து நின்னுடும்," என்று உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான் தம்பி.

"யாரு, மூத்ததா இளையதா?"

"மூத்ததுதான். இளையதுக்கு என்ன, மூத்தது போற இடத்துக்கெல்லாம் தானும் போகணும்."

அக்கா சிரித்தாள். அந்த வீட்டில் பயணப் பேச்சு என்றால் பெயரே வராது. மூத்தது, இளையது, அவ்வளவுதான். இவர்கள் இருவரும் கவுனும் அரைக்கால் சட்டையுமாகத் திரிந்த காலத்தில், பிள்ளைகளுக்குத் தெரியாமல் பேச அப்பாவும் அம்மாவும் கண்டுபிடித்த சங்கேதம் அது. ஒரு நாளும் பலித்ததில்லை. அடுத்த அறையில் இரண்டும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

தையல் கடையைப் பூட்டிவிட்டு நேராக வந்திருந்தாள் அக்கா. அளவு நாடா இன்னும் கழுத்தில் கிடந்தது. சாப்பாட்டு மேஜை மேல் தம்பியின் மடிக்கணினி. திரையில் ரயில் பெட்டியின் படம். பச்சைக் கட்டம் என்றால் காலி, சிவப்பு என்றால் போய்விட்டது. பச்சை ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தது.

"ஆறு சீட்டு போடு," என்றாள்.

"நாலு போதும்க்கா. நீ, மாமா, நான், எங்க வீட்டுக்காரி. அதுங்களைப் பார்த்துக்க நாலு நாளைக்கு ஒரு ஆளை வெச்சுடலாம்."

"என்னடா பேசுற? கடல் பார்க்கணும்னு ஒரு மாசமா உன் உயிரை வாங்குதுன்னு நீதானே சொன்னே?"

"வாங்குதுதான். ஆனா போன தடவை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் 'வந்துடுச்சா, வந்துடுச்சா'ன்னு கேள்வி. பிஸ்கெட் வாங்கறேன்னு நடுவழி ஸ்டேஷன்ல மூத்தது சொல்லாமக் கொள்ளாம இறங்கிடுச்சு. வண்டி நகர ஆரம்பிச்சாச்சு! தூக்காத குறையா ஏத்தினேன். அதுக்குள்ள இளையது உடுப்பை நனைச்சுக்கிட்டு ஒரே அழுகை. எதிர் சீட்டுக்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டு வேற பெட்டிக்கே போயிட்டான். மருந்துக்கடையில வருஷம் முழுக்கக் கால் கடுக்க நின்னுட்டு, லீவுலயும்..." அவன் நிறுத்திக்கொண்டான். "அப்பா மாதிரி எனக்குப் பொறுமை இல்லக்கா."

அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி மேஜை மேல் வைத்தாள்.

"நாம முதல் தடவை கடலுக்குப் போனது ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா. "உனக்கு நாலு வயசு, எனக்கு ஏழு. டிக்கெட் வாங்க என்னையும் கூட்டிட்டுப் போனார். கவுண்டர்ல இருந்தவர், 'நாலு வயசுக்கு எதுக்கு சார் சீட்டு? மடியில வெச்சுக்கலாமே'ன்னு சிரிச்சார். அதுக்கு அப்பா..."

"'மடி வேற, சீட்டு வேற. அவனும் ஒரு ஆள்தானே சார்!'" அப்பாவின் குரலிலேயே சொன்னான் தம்பி. அந்த அட்டை டிக்கெட்டைப் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தியவன் அவன். முதன்முதலாகத் தன்னை ஒரு ஆளாக மதித்து இடம் கொடுத்த சீட்டு என்று இப்போது நினைத்தாலும் அவனுக்குப் பெருமையாக இருந்தது.

"அந்த சீட்டுல ஒழுங்கா உட்கார்ந்தியா நீ? ஜன்னலுக்காக என் சடையைப் பிடிச்சு இழுத்தே. பாலம் வந்தா ஆள் மாறணும்னு அப்பா சட்டம் போட்டார். அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்குப் பாலமே வரல!"

"நீ மட்டும் என்னவாம்? ஜன்னல் வழியா செருப்பை விட்டுட்டு ஊரைக் கூட்டினே."

"நீ எதிர்ல இருந்தவர் பேப்பர் மேல வாந்தி எடுத்தே. அவர் திட்டத் திட்ட, அப்பா தன் துண்டால எல்லாத்தையும் துடைச்சார். 'குழந்தைங்கதானே சார்'னு அதோட விட்டுட்டார். அடுத்த வருஷம் நம்மளை விட்டுட்டா போனாங்க?"

தம்பி மேஜையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. திரையில் இன்னும் இரண்டு கட்டங்கள் சிவந்தன.

"கழிவறைக்குப் பக்கத்துலயே, எதிரெதிரா ரெண்டு ஜன்னல் சீட்டு இருக்குக்கா," என்றான் கடைசியில். "ஆளுக்கு ஒண்ணு. சண்டை வராது."

"மாத்துத் துணி நான் எடுத்துட்டு வர்றேன். நாலு செட்டு."

"ஸ்டேஷன் வந்தா மூத்தது கையை நான் பிடிச்சுக்கறேன்."

"துண்டு?"

"அதுவும் நானே கொண்டு வர்றேன்," என்றான் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆறு கட்டங்களையும் மளமளவென்று தொட்டான். "முதல்ல அதுங்க ரெண்டையும் போட்டுடறேன். வயசு கேக்குது."

"மூத்ததுக்கு எண்பத்திரண்டு, இளையதுக்கு எழுபத்தெட்டு," என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்த அப்பா கேட்டார்: "ஜன்னல் எனக்குத்தானே?"