பிரிக்காத பொட்டலம்

வெளியே நோய் பரவியிருந்ததால் வரப்பு வளைகளில் இருந்த எலிகள் வெளியே போவதில்லை. வேண்டியதை அணில்தான் கொண்டுவரும். எந்தப் பொட்டலத்தையும் முதலில் பாறைமேல் வைத்துப் பிரிக்கும். அதில் ஏறித் தின்ற எறும்புகள் நலமாக ஊர்ந்தால்தான் உள்ளே அனுப்பும். அதுவரை தானும் வாய் வைக்காது.

ஒருநாள் தாய் எலி ஒன்று, “அணிலக்கா, என் பொட்டலத்தை மட்டும் பிரிக்காதே. நான் என்ன தின்கிறேன் என்று ஊருக்கே தெரிகிறது” என்றது.

“பிரிக்காமல் எதையும் உள்ளே விடமாட்டேனடி.”

“நீ என்ன, எனக்கு மாமியாரா?”

அணிலுக்குச் சுருக்கென்றது. பொட்டலத்தைப் பிரிக்காமல், கட்டியிருந்தபடியே காலால் உருட்டிவந்து கொடுத்தது.

இரண்டாம் நாள் அந்த வளையிலிருந்து பிண வாடை வந்தது. பக்கத்து எலிகள் பதறி ஓடிவந்தன.

“பொட்டலத்தில் நோய் இருந்திருக்கிறது. யாரும் கிட்டே வராதீர்கள்” என்ற அணில், வளையின் வாயை மண் தள்ளி மூடத் தொடங்கியது.

உள்ளிருந்து குட்டியின் குரல் கேட்டது. “அணில் பெரியம்மா, அம்மா எழுந்திருக்கவே இல்லை. எனக்கும் உடம்பு சுடுகிறது. என்னைத் தூக்கிக்கொள்.”

“இதோ வருகிறேன் கண்ணு” என்றது அணில். அடுத்த பிடி மண்ணைத் தள்ளியது.