எதிர் மலையில் ஓர் அறை

தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்ததால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான்.

திராட்சைப் பந்தலின் மறுகோடி மேசைக்கு அடியில் இரண்டு ஜோடி. பெண்ணுக்கு வெறும் செருப்பு. ஆணுக்கு வெள்ளைக் காலுறை, அதன்மேல் வார்ச்செருப்பு. ஜெர்மன்காரர்கள் என்று முடிவுகட்டினேன். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை எவனும் தலையே போனாலும் அப்படிப் போடமாட்டான்.

“வெளிநாட்டு ஆளுங்கதான், பயப்படாதீங்க,” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த துய்லியோவின் காதில் சொன்னேன்.

அவர் உடனே மேசைமேலேயே என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தாறு வயதில் எனக்குக் காதுவரை சூடேறியது.

இந்தப் பண்ணைவீட்டைப் பிடித்தது அவர்தான். அறை வாடகைக்கு விடுகிறார்கள், சாப்பாட்டுக்கு எல்லாமே அவர்கள் நிலத்தில் விளைந்தது, இங்கே தங்கிக்கொண்டு தினம் ஒரு பக்கமாக நாட்டுப்புறத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்றார். பார்க்க என்ன இருக்கிறது? எங்கள் ஊர் ரோக்கா எதிர் மலையில்தான் இருக்கிறது. அறை ஜன்னலைத் திறந்தால், என் வீட்டுக் கொடியில் நான் எடுக்க மறந்த போர்வை ஆடுகிறது.

“அதனாலதான் இங்க. ரோக்காக்காரன் செத்தாலும் இந்தப் பொஜ்ஜோ மண்ணுல கால் வைக்கமாட்டான். நம்மள யாரு பாக்கப்போறா?” என்றார்.

அது உண்மை. எங்கள் தாத்தாக்கள் காலத்தில் பொஜ்ஜோக்காரர்கள் இரவோடு இரவாக வந்து எங்கள் மாதா கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். போய்ச் சண்டை போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டிவிட்டோம். ஆனாலும் இரண்டு ஊருக்கும் அன்றிலிருந்து ஆகாது.

துய்லியோ தன் மகளிடம், முழங்கால் வலிக்கு வெந்நீர் ஊற்றில் ஒரு வாரம் குளிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் என் மகன் லோரிஸிடம், லொரெத்தோ மாதாவுக்கு யாத்திரை போகிறேன் என்றேன். நல்லவேளை, அவனே டிராக்டர் கண்காட்சி என்று வெரோனாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தான், ஒன்றும் கேட்கவில்லை.

என்றைக்காவது சொல்லத்தான் வேண்டும். அப்பா போய் மூன்று வருஷம்தான் ஆகிறது, அதற்குள் அம்மாவுக்கு ஒருத்தர் வந்துவிட்டார் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் நான் சொல்லுமுன் ஊர் சொல்லிவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதனால் இந்த ஒரு வாரம் மட்டும் நாங்கள் தோரினோ பட்டணத்துத் தம்பதி. துய்லியோ நேற்று மாலையிலிருந்து தோரினோக்காரர்கள் மாதிரி மூக்காலேயே பேசிக்கொண்டிருக்கிறார்.

பண்ணைக்காரர் செத்திமியோ வாத்துக்கறிச் சாறு ஊற்றிய பாஸ்தாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வரைபடத்தை விரித்தார். பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் வட்டம் போட்டிருந்தார். ரோக்காவுக்குப் பெருக்கல் குறி.

“எங்க வேணா போங்கம்மா. அங்க மட்டும் போயிடாதீங்க. ரொட்டி கல்லு மாதிரி இருக்கும். ஆளுங்க அதவிட மோசம்.”

நாற்பது வருஷம் ரோக்காவுக்கு ரொட்டி சுட்டுப் போட்டவர் துய்லியோ. அவர் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. மேசைக்கு அடியில் அவர் பாதத்தை மிதித்தேன். வயிற்றிலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணியால் வாயைப் பொத்தி இருமிச் சமாளித்தேன்.

அப்போதுதான் எதிர் மலையில் மதிய மணி அடித்தது.

அந்த மணி காதில் விழுந்தால் ரோக்காக்காரன் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். மேசை, கதவு, கழுதை வண்டி, கைக்கு எது கிடைக்கிறதோ அதில். மணி எங்களிடம்தான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகுமுன்பே இதைப் பழகிவிடும். பொஜ்ஜோக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

நான் உஷாராகி வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். துய்லியோ இன்னும் ரொட்டிக் கோபத்தில் இருந்தார்.

டொக், டொக்.

செத்திமியோவின் கையில் ஒயின் குடுவை அந்தரத்தில் நின்றது. போச்சு. நாளைச் சந்தையில் எல்லோர் வாயிலும் நாங்கள்தான். லோரிஸ் வெரோனாவிலிருந்து திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள்.

டொக், டொக்.

இது பந்தலின் மறுகோடியிலிருந்து வந்தது.

செத்திமியோ திரும்பினார். நாங்களும் திரும்பினோம். ஜெர்மன்காரனின் முட்டி இன்னும் மேசைமேலேயே இருந்தது.

“ஏன்யா, அந்த ஊர்ல மணி அடிக்கிறவன் மட்டுந்தான் மிச்சம் இருக்கானா?” என்றார் செத்திமியோ.

நான் தொப்பியைத் தூக்கினேன். அந்தக் காலுறைகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவளே நான்தான்.

“டிராக்டர் எங்கடா?”

லோரிஸ் என்னைப் பார்த்தான். துய்லியோவின் கைக்குள் இருந்த என் கையைப் பார்த்தான். கையை இழுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

அவன் முகம் தக்காளியாகிவிட்டது.

“லொரெத்தோ இங்கயாம்மா இருக்கு?” என்றான்.

அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் எனக்கு ஒன்றாக வெடித்தது. அவனும் சிரித்தான், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. அவன் அப்பா போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எதற்கென்று தெரியாமலேயே செத்திமியோவும் சேர்ந்து சிரித்து, ஒயினைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார்.

துய்லியோ மட்டும் சிரிக்கவில்லை. லோரிஸின் பக்கத்தில் இருந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தன் பெரிய தொப்பியை மெல்லக் கழற்றி மடியில் வைத்தாள்.

“முழங்கால் இப்ப எப்படிப்பா இருக்கு?”