ஊசி இல்லாத மிஷின்கள்

வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போய், குழந்தைகள் விளையாட ஜெர்மனியில் செய்த குட்டித் தையல் மிஷின்களைப் பேரம் பேசி அள்ளிவருவான் குப்புராஜ். தாம்பரத்து வீட்டில் கறுப்பு வெள்ளை டி.வி. மேல்கூட இரண்டு நின்றன. மிச்சமிருந்த ஒரே பெஞ்சில் அவனோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி கங்கையம்மாளுக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணுலயாவது ஊசி கீதாய்யா? இத்த வெச்சிகினு இன்னா கிழிக்கப்போற?"

"அந்த ஊசி இந்த நாட்லயே கெடைக்காதுமே. மிஷினுக்குத்தான் மவுசு."

"அப்ப அதுங்களோடயே குடும்பம் நடத்து. நான் படப்பைக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். திரும்பி வரவே மாட்டேன்."

"போயேன். உன்னிய யாரு புடிச்சிகினு கீறாங்க?"

விருட்டென்று எழுந்தாள். முந்தானை பின்னால் இழுத்தது. "விடுய்யா!" என்று சீறித் திரும்பினாள். குப்புராஜின் இரண்டு கைகளும் காபி டம்ளரைப் பிடித்திருந்தன. அவள் முந்தானையும் அவன் வேட்டி நுனியும் சிவப்பு நூலில், கடுகு கடுகாக, ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நூல் அறவில்லை.

கத்தரிக்கோல் சமையலறையில் இருந்தது. அதை எடுக்க இருவரும் ஒன்றாகத்தான் போகவேண்டியிருந்தது. போய்ச் சேர்வதற்குள் தையல் இன்னும் ஒரு சாண் நீண்டிருந்தது.