கீழ்த்தள அறை

விளம்பரத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அந்தப் பழைய உல்லாசக் கப்பலின் அடித்தளத்தில் சிவசைலத்துக்குக் கிடைத்ததோ துருவாடை வீசும் அறை. தட்டளவு வட்டக் கண்ணாடிக்கு வெளியே பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“அஞ்சு நட்சத்திரமாம்லா! இதுக்கு ஒண்ணே அதிகம்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே போனவர், கப்பல் அதிகாரியைக் கையோடு கூட்டிவந்தார்.

கதவைத் திறந்தால், மனைவி வடிவு கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து நின்றிருந்தாள். வெளியே பச்சை இல்லை. சாம்பல் நிறச் சுவரொன்று போய்க்கொண்டே இருந்தது.

“என்னட்டீ அது?”

“சத்தம் போடாதீய. பாக்குது.”

சுவர் நின்றது. அதன் மடிப்புகளுக்கு நடுவே ஓர் இமை மெல்லத் திறந்தது. வட்டம் முழுக்க ஒரே கண். அது வடிவைப் பார்த்தது. பிறகு, அவசரமே இல்லாமல், சிவசைலத்தின் பக்கம் திரும்பியது.

வாசலுக்கு வெளியே நின்ற அதிகாரிக்கு எதுவும் தெரியவில்லை. “சார், மேல்தளத்துல பால்கனி வச்ச ரூம் ஒண்ணு காலியா இருக்கு. இப்பவே மாறிக்கலாம்” என்றார்.

சிவசைலம் திரும்பவில்லை. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மெல்ல இறக்கிவிட்டார்.