வாசல் காத்த நத்தை

பூனை துரத்தியதால் ஓர் அணில் மரப்பொந்துக்குள் பாய்ந்தது. உள்ளே வேறொரு உலகமே இருந்தது. மீன்கள் காற்றில் நீந்தின. தூரத்தில் ஒரு நீல மலை மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

வாசல் காக்கும் நத்தை அணிலை நிறுத்தி விதிகளைச் சொன்னது. "மீனைத் தொடக் கூடாது. மேகத்து மேல படுக்கக் கூடாது. கவனிக்காதவங்களை வெளியே அனுப்பிடுவேன்."

வெளியே பூனை காத்திருந்தது. ஆனாலும் அணிலின் காது மலைப்பக்கமே போனது.

"இப்ப நான் என்ன சொன்னேன்?" என்று நத்தை அதட்டியது.

"தெரியலைங்க. அந்த மலை பாடுறதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றது அணில்.

"எந்த மலை?"

நத்தை நாற்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது. கூட்டிலிருந்து தலையை முழுதாக நீட்டி அந்தப் பாட்டைக் கேட்டது. வெகுநேரம் அசையவேயில்லை.

"மீதியை நாளைக்குச் சொல்றேன். கொஞ்சம் நகர்ந்து உட்காரு, எனக்கும் இடம் வேணும்," என்றது.