இரண்டு பேர் படகு

தையல்காரருக்குப் படகு கட்டத் தெரியாது. ஆனாலும் ஆசை யாரை விட்டது! கார் ஷெட்டில் பலகைகளைப் பரப்பி, துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியாலேயே மரத்துக்கும் கோடு போட்டார். கைப்பழக்கத்தில் ஒவ்வொரு பலகைக்கும் தையலுக்கென்று அரை அங்குலம் கூடுதலாக விட்டு அறுத்துவிட்டார்.

"பின்னாடி பிரிச்சு விடறதுக்கு இது என்ன பேன்ட்டா?" என்று சிரித்தாள் மனைவி.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். பிள்ளை இல்லை, வீட்டில் இரண்டே பேர். படகிலும் எதிரெதிராக இரண்டே இருக்கைகள்.

வேலை முடிந்ததும் படகைப் பழைய மெத்தைமேல் நிறுத்தி, குறுக்கே ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். படகு இடது பக்கம் சாய்ந்தது. இறங்கினால் நிமிர்ந்தது, ஏறினால் மறுபடி அதே பக்கம் சாய்ந்தது. டேப்பை எடுத்து அளந்தார். இரண்டு பக்கமும் நூல் பிசகாமல் ஒரே அளவு.

"எங்கே தப்பு பண்ணேன்னே தெரியலையே," என்றார்.

மனைவி தன் இடது பக்கத்துக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்படி நடுவுல வந்து உக்காரு, கண்ணு," என்றாள் அந்த இடத்தைப் பார்த்து.

குமிழி மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது.

தையல்காரர் அன்று சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்து இருவருக்கும் லைஃப் ஜாக்கெட் தைத்து முடித்தார். பிறகு, சின்னதாக இன்னொன்றுக்குத் துணியை விரித்தார்.

"அதுக்கு அரை அங்குலம் கூடவே விடுங்க," என்றாள் மனைவி. "வளர்ற பிள்ளை."